ஒரே நாளில் மலையகம்: எல்லவுக்கு வான் பிடிப்பதா, சந்தை டவுன்கள் வழியாகப் போவதா?

கேள்வி, 2 மார்ச் 2025, மாலை 6.15

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, தங்கை, நான் மூவரும் வருகிறோம். 22ஆம் திகதி சனிக்கிழமை காலை ஹட்டனுக்கு வந்துவிடுவோம், அங்கே உறவினர் வீடு இருக்கிறது. ஞாயிறு முழுநாளும் கையில் இருக்கிறது, திங்கள் காலை திரும்ப வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் சொல்வது, வான் ஒன்றைப் பிடித்து நேரே எல்லவுக்குப் போ, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடு, திரும்பி வா, இடையில் இருக்கும் டவுன்களில் கடையும் நெரிசலும்தான், பார்க்க ஒன்றுமில்லை என்று. அம்மாவுக்கு 68 வயது, அதிகம் நடக்க மாட்டா. ஆனால் மலையையும் பார்க்க வேண்டும், மரக்கறிச் சந்தையையும் பார்க்க வேண்டும் என்கிறா. என்ன செய்யலாம்?

2 மார்ச், இரவு 9.40

அம்மா சொல்வதுதான் சரி. நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். கொழும்புக்கு வந்து 14 வருடமாகிறது, இருந்தாலும் வருடத்துக்கு மூன்று தடவையாவது இந்தப் பாதைகளில் போய் வருகிறேன். எல்ல அழகான இடம்தான், 1921இல் கட்டிய அந்தப் பாலத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஹட்டனிலிருந்து அங்கே வானில் போகவே நான்கு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், திரும்பி வரவும் அதே அளவு. முழு நாளும் வளைவுகளில் குலுங்கிவிட்டு, பாலத்தடியில் ஒரு மணி நேரம் நிற்பதற்காக வயதான அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம். பாலத்துக்கு இறங்கி ஏறும் நடையும் இருக்கிறது.

என் யோசனை இது. விடியற்காலையில் ஹட்டனில் பஸ் ஏறி நுவரெலியா. அங்கிருந்து ஹக்கல வழியாக வெலிமடை, பிறகு பண்டாரவளை, கடைசியில் அப்புத்தளை. ஒவ்வொரு டவுனிலும் ஒரு மணி நேரம் இறங்கிச் சந்தையைச் சுற்றுங்கள். மாலையில் அப்புத்தளையில் மலை விளிம்பில் நின்று தெற்குச் சமவெளியைப் பார்த்துவிட்டு ரயிலில் ஹட்டனுக்கு வந்துவிடலாம்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தது மிக நல்லது. தோட்டத்தில் அன்று பெரும்பாலும் வேலை இல்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் அன்று மலையில் இருக்க மாட்டார்கள், டவுனில் இருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம். அதற்கு அடுத்து வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கே அம்மா தலைவாரிப் பூ வைத்து, என்னையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு தலவாக்கலைக்கு நடப்பார். அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய், அக்காவுக்கு ரிப்பன். போன மாதக் கடனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இந்த மாதக் கடனைத் தொடங்குவதும் அன்றுதான். ஆறு நாளும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்ற பெண்கள் அன்று கடைவீதியில் நிமிர்ந்து நடப்பதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பார்க்க ஒன்றுமில்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் வான் கண்ணாடியை இறக்கியே பார்த்திருக்க மாட்டார்கள்.

3 மார்ச், காலை 7.05

நேற்று எழுத மறந்தது. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் டெவோன் அருவியும் சென்கிளயர் அருவியும் பாதையிலிருந்தே தெரியும், இறங்கி நடக்க வேண்டியதில்லை. டெவோன் 97 மீட்டர், சென்கிளயர் 80 மீட்டர். என் சிறுவயதில் சென்கிளயர் மழைக்காலத்தில் ஒரு வெள்ளைச் சுவர் மாதிரி விழும், எதிர் மலையில் நின்றாலும் சத்தம் கேட்கும். 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் வந்த பிறகு தண்ணீர் குறைந்துவிட்டது. 150 மெகாவாட் மின்சாரம் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. அருவிக்கென்று பகலில் தண்ணீர் விடுவதாக ஏற்பாடும் உண்டு. ஆனாலும் பஸ் அந்த வளைவில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கனக்கும்.

4 மார்ச், இரவு 10.10

நுவரெலியாவில் ஏரியும் பூங்காவும் தவிர என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லீக்ஸ் இருக்கிறது.

சும்மா சொல்லவில்லை. அதிகாலையில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் போனால் தெருவோரத்தில் கரட் கழுவிக்கொண்டிருப்பார்கள். மண் போகப் போக அந்தச் செம்மஞ்சள் நிறம் வெளியே வரும். கைகள் மட்டும் குளிரில் வெளுத்துப்போயிருக்கும். லீக்ஸைக் கட்டுக் கட்டாக அடுக்கி லொறியில் ஏற்றுவார்கள். கோவா, பீட்ரூட், நோகோல், ராபு, சலாது இலை எல்லாம் அங்கிருந்துதான் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது. யாழ்ப்பாணத்தில் நீங்கள் வாங்கும் லீக்ஸும் இந்த மலையிலிருந்து இறங்கியதாகத்தான் இருக்கும்.

இந்த மரக்கறிக்கு ஒரு பழைய கதை உண்டு. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பிறகு ஆப்பிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர், 1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட்டு ஆங்கில மரக்கறிகளைப் பயிரிட்டார். கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், அந்த விதைகளுக்கு அந்தக் குளிர் பிடித்துவிட்டது. ஆனால் அந்த மரக்கறி ஒரு துரையின் பண்ணையிலிருந்து எங்கள் கைக்கு வந்த கதையை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மண், பாய் விரிக்கிற அளவுதான் இருக்கும், அதில் அப்பா கரட்டும் போஞ்சியும் போடுவார். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போவதற்கு முன் தண்ணீர், மாலையில் மலையிலிருந்து வந்ததும் களை. என் அக்கா ஏ.எல். படித்த இரண்டு வருடத்துச் செலவு பெரும்பாலும் அந்தத் துண்டிலிருந்து வந்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது அதே துண்டில் கரட் விரல் அளவுக்கு மேல் பருக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான்.

ஆகவே நுவரெலியாவில் மத்திய சந்தைக்குள் போங்கள், ஏரியைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம்.

6 மார்ச், இரவு 11.20, திருத்தம்

2ஆம் திகதி நான் எழுதிய பாதையில் தயவுசெய்து போக வேண்டாம். கீழே அப்புத்தளைக்காரர் ஒருவர், மாலையில் அங்கே வந்து மூடுபனியைத்தான் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது முழுக்கச் சரி, நான் எழுதியதுதான் பிழை. அப்புத்தளையில் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு கீழேயிருந்து மேகம் ஏறி வந்து ஊரையே மூடிவிடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். 2019இல் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் போய், ஒரு தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி வெள்ளைப் புகையை இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஹட்டனிலிருந்து புறப்படுகிறவருக்கு எது வசதி என்று மட்டும் யோசித்துக்கொண்டே போனதில், எந்த இடத்துக்கு எந்த நேரம் என்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பின்னேரத்தில் அப்புத்தளையிலிருந்து ஹட்டன் பக்கம் வரும் ரயில்கள் குறைவு, பிந்தி வந்தால் அம்மா நடுராத்திரியில்தான் வீடு சேர்வார்.

சரி, புதிய பாதை. அப்படியே தலைகீழ். சனிக்கிழமை காலை ஹட்டனுக்கு வருகிறீர்கள் அல்லவா, அன்று பிற்பகலே பதுளைப் பக்கம் போகும் ரயிலைப் பிடித்துப் பண்டாரவளையில் இறங்கித் தங்குங்கள். நேரத்தை ஹட்டன் ஸ்டேஷனில் கேளுங்கள், இந்தப் பாதையில் நேரங்கள் அடிக்கடி மாறும். ஞாயிறு விடியும்போது அப்புத்தளை. பிறகு பண்டாரவளைக்குத் திரும்பிச் சந்தை, வெலிமடை, நுவரெலியா, மாலையில் நானுஓயா, தலவாக்கலை வழியாக ஹட்டன். காட்சிக்குக் காலை, சந்தைக்கு முற்பகல், அருவிகளுக்கு மாலை வெயில். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

7 மார்ச், மதியம் 1.30

ரயிலில் எந்தப் பக்கம் என்று தங்கை கேட்டிருக்கிறா. பதுளை நோக்கிப் போகும்போது வலது பக்கம். பட்டிபொலவில் நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் வரும், கிட்டத்தட்ட 1,900 மீட்டர். அதற்குப் பிறகு ஒரு சுரங்கம். அதில் நுழையும்போது மழை, வெளியே வரும்போது வெயில் என்று பெரியவர்கள் சொல்வார்கள், எனக்கே இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது. சுரங்கம் முடிந்தால் ஊவா மாகாணப் பக்கம். ஒஹிய, இதல்கஸ்இன்ன தாண்டும்போது வலது பக்கத்தில் நிலமே இல்லாத மாதிரி இருக்கும். கதவில் தொங்க வேண்டாம், பாறைகள் மிகக் கிட்ட வரும்.

9 மார்ச், காலை 9.00

அந்தச் சுரங்கத்தைப் பற்றி எழுதியதிலிருந்து ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பயணத்தில் உண்மையில் நீங்கள் இரண்டு மலைநாடுகளைப் பார்க்கிறீர்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே இருக்கும். அதே நாட்களில் மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் ஏறுகிறது, ஜூலை முதல் செப்டெம்பர் வரை அதற்கு நல்ல விலை. எங்கள் பக்கத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது நீங்கள் வருகிற நேரம்! ஹட்டனில் கொழுந்தின் வாசம் தொழிற்சாலைப் பக்கம் போனாலே மூக்கில் ஏறும்.

வெலிமடைக்கு இறங்கும்போது நிறமே மாறும். காய்ந்த புல் மலைகள், கீழே படிப்படியாக வயல்கள். நெல் அறுத்த அதே வயலில் உருளைக்கிழங்கு போடுவார்கள், பிறகு போஞ்சி, பிறகு மறுபடி நெல். ஒரே மண் வருடம் முழுக்கச் சும்மா கிடப்பதில்லை. வெலிமடைக்கும் ஹக்கலவுக்கும் இடையில் கெப்பெட்டிப்பொல வரும், அங்கே பெரிய மரக்கறிப் பொருளாதார மத்திய நிலையம், அதாவது மொத்தச் சந்தை, இருக்கிறது. ஒரு தடவை பஸ் பழுதாகி நான் அதன் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். வந்த ஒவ்வொரு டிராக்டரிலும் விவசாயி இறங்கியதும் முதலில் கேட்டது இன்றைக்கு என்ன விலை என்பதுதான். பதிலைக் கேட்ட முகங்களைப் பார்த்த பிறகு கடையில் போஞ்சிக்குப் பேரம் பேச எனக்கு வாய் வருவதில்லை.

அந்த ஊரின் பெயர் கெப்பெட்டிப்பொல திசாவையின் பெயர். திசாவை என்றால் கண்டி இராச்சியத்தில் ஒரு மாகாணத்தை ஆண்ட அதிகாரி. 1818 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அவரை ஊவாவுக்கு அனுப்பினார்கள், அவர் போய்க் கிளர்ச்சிக்காரர்களோடே சேர்ந்துவிட்டார். அந்த வருடம் நவம்பரில் கண்டியில் தலையை வெட்டினார்கள். தங்கை வரலாறு படிக்கிறா என்று எழுதியிருந்தீர்கள், அவவுக்காக இது.

11 மார்ச், இரவு 8.45

கொழுந்து எடுக்கிறவர்களோடு படம் எடுக்கலாமா என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. நிறுவையில் அது குறைந்தால் அரைப்பேர், அதாவது அந்த நாளின் பாதிச் சம்பளம்தான் விழும். 2024இல் உயர்த்தியபோதும் நாள் சம்பளம் 1,350 ரூபாய்தான் ஆனது. நீங்கள் பத்து நிமிடம் நிறுத்தி, கூடையைத் தூக்கிச் சிரிக்கச் சொன்னால் அந்தப் பத்து நிமிடம் அவர் கணக்கில் போகிறது. என் அம்மாவை இப்படி நிறுத்தி எடுத்த ஒரு படத்தை, பல வருடம் கழித்துத் தேயிலைப் பெட்டி அடுக்கிய ஒரு கடையின் சுவரில் பார்த்தேன். அவருடைய பெயர் அதில் இல்லை. கடைக்காரரிடம் இது என் அம்மா என்று சொன்னேன், அவர் நம்பவில்லை.

12 மார்ச், காலை 6.50

நேற்றுக் கோபத்தில் எழுதிவிட்டேன். அப்புத்தளைக்குக் கிட்ட இருக்கும் தம்பேதன்னைத் தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருப்பதை வாசியுங்கள். தன் அம்மா இப்போதும் கொழுந்து எடுக்கிறார், யாராவது வந்து பேசினால் சந்தோஷப்படுவார், ஒன்றும் பேசாமல் தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டுப் போவதுதான் அவருக்கு வலிக்கும் என்கிறா. அது நியாயம். அப்படியானால் நிறுவை முடிந்த பிறகு பேசுங்கள், பெயரைக் கேளுங்கள், படம் எடுத்தால் அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பி வையுங்கள். இப்போது லயத்தில் எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது.

15 மார்ச், இரவு 10.30

நீலகிரியில் கோத்தகிரியிலிருந்து எழுதிய அண்ணனுக்கு. உங்கள் ஊர்ச் சந்தையிலும் இதே கரட், இதே பீட்ரூட், இதே குளிர் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தாத்தா பதுளையிலிருந்து வந்தவர் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான். 1948இல் எங்கள் மலையகத் தமிழர்களின் குடியுரிமை போனது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு யார் யார் எந்தப் பக்கம் என்று எண்ணிக்கை பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர்ப் பக்கம் போய், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் எழுதிய ஒரு கடிதம் வீட்டில் இருக்கிறது, மழையும் அட்டையும் இங்கே மாதிரியேதான், ரொட்டிக்குத் தேங்காய்தான் கிடைக்கவில்லை என்று.

நீங்கள் பதுளைக்கு வந்தால் எழுதுங்கள் அண்ணா. தாத்தாவின் தோட்டத்தின் பெயர் தெரிந்தால் போதும், கூட வருகிறேன்.

18 மார்ச், இரவு 9.15

நான்கு நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கான விஷயங்களை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அப்புத்தளையில் லிப்டன் சீட் என்ற காட்சி முனை மேலே கிட்டத்தட்ட 1,970 மீட்டர். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியவர், அங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்த்தார் என்பார்கள். ஏழு கிலோமீட்டர் நடை வேண்டாம், ஆட்டோ மேல் வரை போகும். இருட்டோடு புறப்படுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் அப்புத்தளை டவுனிலேயே தண்டவாளத்தைத் தாண்டிச் சில அடி நடந்தாலும் தெற்குப் பக்கம் திறந்துவிடும். அங்கே தண்டவாளத்தை ஒட்டியே கடைகள், சூடாக உளுந்து வடையும் ப்ளேன்டீயும் கிடைக்கும்.

பண்டாரவளையில் ஞாயிறு சந்தை பெரியது, படிகளில் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மரக்கறியைக் கடைசியில் வாங்குங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். வெலிமடையில் சாப்பாடு. வெலிமடையிலிருந்து ஹக்கலவுக்கு ஏறும் பாதையில் வளைவு அதிகம், அம்மாவுக்குத் தலைசுற்றும் என்றால் அளவாகச் சாப்பிடச் சொல்லி முன் சீட்டில் உட்கார வையுங்கள், ஒரு தேசிக்காய் கையில் இருக்கட்டும். ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து அதன் பட்டையிலிருந்துதான். உள்ளே ஏற்றம் அதிகம், அம்மாவுக்குச் சிரமம். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் தள்ளி சீதா எலியவில் இறங்குங்கள், சீதையம்மன் கோயில் ஓடைக்கரையிலேயே இருக்கிறது. 2024 மே மாதம் குடமுழுக்கு நடந்தது, அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் வந்தது.

நுவரெலியாவில் மாலை ஐந்து மணிக்குமேல் குளிரும். யாழ்ப்பாணத்தில் 33 பாகையில் இருந்து வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. அம்மாவுக்குக் காதை மூட ஒன்று கட்டாயம்.

18 மார்ச், இரவு 9.40

பஸ்ஸா வானா என்று இன்னும் கேட்கிறீர்கள். முதலில் பஸ் என்றுதான் எழுதினேன். அம்மா இருப்பதால் அப்புத்தளையிலிருந்து ஹட்டன் வரை ஒரு வான் பிடித்தால் நல்லது. ஆனால் சாரதியிடம் எந்தெந்தச் சந்தையில் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தேயிலைத் தொழிற்சாலைக் கடையொன்றில் கொண்டுபோய் நிறுத்தி ஒரு மணி நேரத்தை எடுத்துவிடுவார்கள், எனக்கு நடந்திருக்கிறது.

24 மார்ச், இரவு 8.20

நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். பண்டாரவளைச் சந்தையில் கிழங்கு விற்ற அம்மாவும் உங்கள் அம்மாவும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்கள் என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, பிள்ளைகளைப் பற்றி என்று மட்டும் அம்மா சொன்னா என்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தால் ஹக்கலவைக் கடக்கும்போது இருட்டிவிட்டது, அருவி இரண்டும் தெரியவில்லை என்று மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்பு எதற்கு? அருவி அங்கேயேதான் இருக்கும்.

லிப்டன் சீட்டிலிருந்து தூரத்தில் பளபளவென்று தெரிந்தது கடல்தானா என்று தங்கை கேட்டிருக்கிறா. பெரும்பாலும் உடவளவை நீர்த்தேக்கமாக இருக்கும், அதுதான் காலை வெயிலில் தகடு மாதிரி மின்னும். கடல் அதற்கும் பின்னால், வானத்தோடு ஒட்டின ஒரு கோடு, மிகத் தெளிவான நாளில்தான் பிடிபடும்.

24 மார்ச், இரவு 8.35

லீக்ஸ் வாடுகிறது என்கிறீர்களே, பிளாஸ்டிக் பையிலிருந்து உடனே வெளியே எடுங்கள். ஈரத்தைத் துடைத்து, பச்சை நுனியைக் கொஞ்சம் வெட்டி, பழைய பேப்பரில் சுற்றி நிழலில் நிமிர்த்தி வையுங்கள். கரட்டின் இலையை முறித்துவிடுங்கள், இலை இருந்தால் அது கரட்டிலிருந்துதான் தண்ணீரை இழுக்கும். கிழங்கை இதோடு சேர்க்காமல் சாக்கில் தனியாக. லீக்ஸை மட்டும் நாளைக்கே சமைத்துவிடுங்கள், யாழ்ப்பாண வெயிலில் அது வியாழன் வரை தாங்காது.